தராசு வெறும் வயிற்றோடு தூங்கக்கூடாது

அன்றைக்கு மில்லில் இருந்தவர்கள்: மூட்டை எடை போடுகிற நான், ஏழுமலை. முதலாளியம்மா மங்கை. மூலக்குளத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் பிரபு. வேறு ஆள் இல்லை. கேட்டில் பூட்டு.

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். தினமும் சுடுகாட்டு வழியாகத்தான் சைக்கிளில் வேலைக்கு வருகிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சோரியாங்குப்பம் போகிற வழியில் எங்கள் அரிசி மில். முதலாளி உயிரோடு இருந்தபோதே எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். தராசில் மூட்டை வைத்தால் எடை நேராக சர்வர் என்கிற பெட்டிக்குப் போகும். மில் கணக்கும் அதில்தான், நெல் போட்டவர்கள் வீட்டிலிருந்தே போனில் தங்கள் எடையைப் பார்ப்பதும் அதில்தான். உள்ளுக்கு நீல ஒயர், வெளியே இன்டர்நெட்டுக்கு மஞ்சள் ஒயர். இரண்டு பெட்டியாக வைக்கச் சொன்னார்கள். ஒன்றே போதும் என்றுவிட்டார்.

அதுதான் வினையானது. அவர் போனபிறகு எவனோ மஞ்சள் ஒயர் வழியாக உள்ளே நுழைந்து எடையையெல்லாம் மாற்றிவிட்டான். எழுபத்தைந்து கிலோ மூட்டை போனில் எழுபது என்று காட்டியது. எடுத்துவைத்த நகலும் அதே பெட்டிக்குள் இருந்ததால் அதுவும் போயிற்று. ஊரில் பேச்சு வேறு மாதிரி வந்தது. புருஷன் போனதும் பொம்பள எடையில கை வெச்சிட்டா என்றார்கள். அடுத்த அறுப்பு நெல் வேறு மில்லுக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார்கள். அம்மா கடைத்தெருவுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

ஆயுத பூசையன்று எந்த மிஷினும் ஓடாது. அதனால் அன்றைக்குப் பிரபுவை வரச் சொன்னார். துக்க வருஷம் கழிந்து வந்த முதல் பூசை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். முதலாளியிடம் ஒரு பழக்கம் உண்டு. தராசு வெறும் வயிற்றோடு தூங்கக்கூடாது என்பார். பூசை முடிந்ததும் அவரே ஏறி நின்று, எடை பதிவான பிறகுதான் பிளக்கைப் பிடுங்குவார். அம்மா என்னைப் பார்த்தார்.

“நீ ஏறு ஏழுமல.”

ஏறினேன். அறுபத்து நாலு.

“இன்னாய்யா இது, ஒரு மூட்டைக்கே தேற மாட்ட போலக்கீதே.”

“காஞ்ச நெல்லும்மா.”

சிரித்துக்கொண்டே என் பேரைத் தட்டிப் பதிவு செய்தார். நான் தராசுக்கும் தராசு அறைக் கம்ப்யூட்டருக்கும் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி மேசைமேல் வைத்து, கதவைப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

அடுத்த அறையில் சர்வர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பொட்டு வைத்ததைத் தொடலாமா என்று பிரபு கேட்டார். அம்மா இன்னொரு கற்பூரம் ஏற்றினார்.

“தொடுப்பா. அவுரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

“ஒரே வூடு, ஒரே கதவுணா. சொந்தக்காரனும் அதுலதான் வரான், திருடனும் அதுலதான் வரான்” என்றார் பிரபு என்னிடம். வெளியாட்கள் பார்க்கிறதற்குத் தனிக் கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தார். நடுவில் காவலுக்கு ஒரு சின்னப் பெட்டி. முதல் வேலையாக மஞ்சள் ஒயரைக் கழற்றினார்.

உச்சி வெயில் நேரம். திரையில் எடைகள் வரிசையாக இருந்தன. ஒரு எழுபது, எழுபத்தைந்தாக மாறியது. பிறகு அதன் கீழே இருந்ததும் மாறியது.

“இன்னாண்ணா, யாரோ எட போட்றாங்க.”

“வெளியிலர்ந்தா?”

“வெளி ஒயரு என் கையில கீது, பாரு.” காட்டினார். “தராசு ரூம்லர்ந்து வருதுணா.”

போனேன். பூட்டு பூட்டியபடி. திறந்தேன். சுருட்டிய ஒயர் சுருட்டியபடி மேசைமேல். திரை கருப்பு. நான் வைத்த சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்தச் செத்த கம்ப்யூட்டர் முன்னால் நான் நிற்கிறேன், அடுத்த அறையில் அம்மா மாறுகிற எடையை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கிறார். எழுவத்தஞ்சு. எழுவத்தஞ்சர. எழுவத்தஞ்சு. நடுவில் அவர் குரல் உடைந்தது. படிப்பதை நிறுத்தவில்லை.

நான் திரும்பி வந்தபோது படிப்பது நின்றிருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிரபு வேலையை முடித்தார். காபி கொடுத்தோம், குடிக்கவில்லை. அதன்பிறகு எது கேட்டாலும் போனில்தான் சொல்கிறார், மில்லுக்கு வருவதில்லை.

மறுநாள் ஊர்க்காரர்கள் போனில் பார்த்தார்கள். அரைக் கிலோ பிசகவில்லை. பேசினவர்களே கேட்டில் வந்து நின்று, தப்பா நெனச்சிட்டோம்மா என்றார்கள். நெல் எங்களிடமே வந்தது. கம்ப்யூட்டர்காரர் மீட்டுக் கொடுத்தார் என்று அம்மா சொல்லிவிட்டார். நானும் அப்படியே சொன்னேன்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குக் கடைசியாக மாறிய வரி என்னுடையது. அம்மா அதைப் படிக்கவில்லை. திரும்பி வந்து நான்தான் பார்த்தேன். என் பேருக்கு நேரே அறுபத்து நாலு போய், ஐம்பத்தெட்டு என்று இருந்தது. மற்ற எடை எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை.

எனக்கு நோய் நொடி இல்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து அவ்வப்போது தராசில் ஏறி நிற்பேன். இன்று காலையும் ஏறினேன்.

ஐம்பத்தொன்பது.