நாற்பத்தேழு கதவுகளில் தார்

செங்கோடனுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். அவனோடு சர்வேயில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

கொல்லிமலையில் குண்டூர் நாடு என்ற பகுதிக்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் மலைக்கு ரோடு அளக்க வந்தவர்கள், புதர் வெட்டவும் அளவுச் சங்கிலி இழுக்கவும் அவனைக் கூலிக்கு எடுத்தார்கள். அளவுப் புத்தகத்தைச் சுமந்து சுமந்தே எழுத்துக்கூட்டப் பழகினான். அப்படிப் பழகி அவன் முழுதாக வாசித்த முதல் வரி, அவன் அம்மா ஆத்தாயியின் சாமைக்காட்டைப் பற்றியது. ‘தரிசு. யார் அனுபவத்திலும் இல்லை.’

ஒரு வருடம் விதைத்தால் இரண்டு வருடம் மண்ணை ஆறப்போடுவது மலை வழக்கம். அளந்தது ஆறப்போட்ட வருடம். அந்த ஒரு வரியைக் காட்டி அந்தக் காட்டைச் சுற்றிச் சர்க்கார் கல் நட்டுவிட்டார்கள். அந்த இடத்தை அளந்தபோது சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்திருந்தவன் அவன்தான். ஆத்தாயி மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

காடு போனபின் கூலியை விடமுடியவில்லை. அறுபத்திரண்டில் சர்வேயர் குப்புசாமி அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே புதுத் துறைமுகம் வரப்போகிறது, கப்பல் நிற்கும் மேடைக்கும் சரக்குக் கொட்டகைக்கும் இடம் குறிக்க வேண்டும் என்றார்கள். நான்கு மாதம் மணலில் சங்கிலி இழுத்தான். குறித்த இடத்தின் நடுவில் ஒரு மீனவக் குப்பம் இருந்தது. முகாமுக்கு மீன் கொண்டுவரும் ருக்குமணி அந்தக் குப்பத்துக்காரி. வெயிலில் நிற்பவர்களுக்குக் கேட்காமலே தண்ணீர் கொடுப்பாள்.

வேலை முடியும் வாரத்தில் குப்புசாமி அறிக்கையை எழுதினார். செங்கோடன் எட்டிப் பார்த்தான். ‘மணல் தரிசு. குடியிருப்பு இல்லை.’

“ஊடு இருக்குதுங்களே,” என்றான்.

“குடிசைடா. எவனுக்காவது பட்டா இருக்கா?”

குடியிருப்பு இருக்கிறது என்று எழுதினால் ஊரைக் கூட்டி விசாரணை வைக்க வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும், ஒரு வருடம் போய்விடும். இல்லை என்றால் மேலதிகாரிகள் வந்து ஒரு தடவை பார்ப்பார்கள், அனுமதியில் கையெழுத்து விழுந்துவிடும். குப்புசாமி இதையெல்லாம் பொறுமையாகவே விளக்கினார். அந்தப் பொறுமைதான் செங்கோடனுக்கு நெஞ்சில் நெருப்பாக ஏறியது.

நேராகக் குப்பத்துக்குப் போய் ருக்குமணியிடம் சொன்னான். அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

“எங்க ஊரே இல்லன்னு எழுதிட்டானா?”

அதிகாரிகள் வரும் காலையில், அளவுக் கல்லுக்கு எண் போடும் தார் டப்பாவை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனான். முதல் வீட்டுக் கதவில் ஒன்று என்று போட்டான். ருக்குமணி முன்னால் போய் ஒவ்வொரு வீட்டையும் திறக்கச் சொன்னாள். கதவில்லாத வீட்டில் தட்டிமேல் போட்டான். நாற்பத்தேழில் தார் தீர்ந்தது, வீடும் தீர்ந்தது.

இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. பெரிய அதிகாரி கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், கதவுகளைப் பார்த்தார். வாசல்களில் ஊரே நின்றது. எண் போட்டது யார் என்று கேட்டார்.

“நாந்தானுங்க.”

“யார் உத்தரவு?”

“உத்தரவு இல்லீங்க. ஊடு இருக்குது, நம்பர் போட்டேனுங்க. வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க.”

அதிகாரி எண்ணவில்லை. ஆனால் அத்தனை பேர் பார்த்திருக்க, எண் போட்ட வீடுகளை இல்லை என்று சொல்லி அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை. குப்புசாமி அன்றே செங்கோடனை வேலையிலிருந்து நிறுத்தினார்.

எட்டு மாதம் கழித்துக் குப்பத்தில் விசாரணை நடந்தது. துறைமுகத்துக்கு அனுமதியும் கிடைத்தது. நாற்பத்தேழு குடும்பத்துக்கும் பட்டாவோடு மாற்று இடம் கொடுத்தார்கள், கடலிலிருந்து இரண்டு மைல் தள்ளி. ருக்குமணி யாரையோ பிடித்துச் செங்கோடனுக்குக் கடுதாசி எழுதியிருந்தாள்: இடம் கிடைத்தது, வலையைத் தோளில் சுமந்து நடக்கிறோம்.

அதற்குள் செங்கோடன் மலைக்குத் திரும்பி மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தான். சோளக்காடு சந்தையில் யாராவது, நீ நாற்பத்தேழு வீட்டைக் காப்பாற்றினாயாமே என்றால் முகம் கறுத்துவிடும். “மீன் பிடிக்கறவனுக்கு ரெண்டு மைல் தள்ளி ஊடு குடுத்தாங்க. அதுக்குப் பேரு காப்பாத்துனதுங்களா?” என்பான்.

பிறகு நிலத் தகராறு உள்ளவர்கள் தாலுகா ஆபீசுக்கு அவனைத் துணைக்குக் கூட்டிப்போனார்கள். குமாஸ்தாக்களுக்கு அவனைக் கண்டால் ஆகாது. ஒருமுறை சமாதானமாக நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். அவன் நின்றபடியே, “எழுதுனத வாசிங்க, கேக்கறோம்,” என்றான். நிலக் கணக்கில் மூன்று பக்கம் வாசித்தார்கள். இரண்டு இடத்தில் அடித்து எழுத வேண்டியிருந்தது.