கொலுப் பார்க்கில் நடந்த சண்டை

கொலு வைத்திருக்கும் வீட்டில் ஒரு பொம்மை கை தவறி உடைந்தாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எங்கள் மயிலாப்பூர் வீட்டில், நவராத்திரியின் ஏழாம் நாள் காலை பத்தரை மணிக்கு, ஒன்பது பொம்மைகள் ஒரே உதையில் உடைந்தன. உதைத்தவர் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி, ராணுவ அதிகாரி, அதுவரை என்னை ஒருமுறைகூட அதட்டாதவர்.

எனக்குப் பத்து வயது. அப்போதே தினமும் நோட்டில் எழுதுவேன். உடைந்தவற்றின் பட்டியல் அதில் இருக்கிறது: செட்டியார், செட்டிச்சி, பாம்பாட்டி, பசு இரண்டு, மண் வீடு நான்கு. ‘காரணம்’ என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் மாமா நீண்ட லீவில் வந்திருந்தார். இடது காதில் பஞ்சு வைத்திருந்தார். குளிரில் காது அடைத்துவிட்டது என்று எனக்குச் சொன்னார்கள். மணிக்கணக்கில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். படிகளுக்குக் கீழே கொலுப் பார்க் அமைப்பது என் பொறுப்பு. செங்கல் அடுக்கி, மணல் கொட்டி, கேழ்வரகு தூவி முளைக்க வைத்திருந்தேன். வடக்கு மாட வீதியில் புதிதாக வாங்கிய பத்து மண் சிப்பாய்களைப் பார்க்கின் வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்தேன். அதைப் பார்த்துத்தான் மாமா முதல் தடவையாகச் சிரித்தார்.

“இவாள்ளாம் என்ன, கல்யாண ரிசப்ஷனுக்கு நிக்கறாளா? இரு, வேலை குடுப்போம்.”

பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து இரண்டு வாளி மணல் கொண்டுவந்து மலை செய்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மணலில் ஓர் ஆற்றை வரைந்தார். அதில் நீலக் காகிதம் ஒட்டினோம். ஒரு தீப்பெட்டி பாலமானது. மலை உச்சியில் மளிகைக் கடையோடு செட்டியாரும் செட்டிச்சியும் ஏறி உட்கார்ந்தார்கள். அவர்கள்தான் எதிரியின் மெஷின்கன்.

“பருப்பு விக்கறவரை ஏன்டா சண்டைக்கு இழுக்கறே?” என்றாள் அம்மா.

“பருப்பு விலை ஏத்தினார் இல்லியா, அதான்,” என்றார் மாமா.

பத்துச் சிப்பாய்களும் என் படை. ஆற்றைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்விட்டால் எனக்கு வெற்றி. என் முறை வரும்போது ஒவ்வொருவனும் மணலில் நாலு அங்குலம் நகரலாம், தண்ணீரில் ஒரு அங்குலம்தான். செட்டியார் பீடத்திலிருந்து சிப்பாய் வரை மாமா ஒரு நூலைப் பிடிப்பார். நூல் மணலில் தட்டாமல் நேராக வந்தால் செட்டியாருக்கு அவன் தெரிகிறான். உடனே பகடை உருட்டுவார். ஐந்தோ ஆறோ விழுந்தால் சிப்பாய் காலி.

காலியானவனை முதல் நாள் நான் எடுத்து ஓரமாக வைத்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். “எடுக்கப்படாது. விழுந்த எடத்துலயே கிடக்கட்டும்.”

ராணுவத்தில் அதிகாரிகளுக்கு இப்படித்தான் மணலில் மலை செய்து காட்டுவார்கள் என்றார். இப்போது என் மகனும் வேளச்சேரி அடுக்ககத்தில் நண்பர்களோடு இதே மாதிரி ஆடுகிறான். கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள், ஒவ்வொருவரின் பொத்தானுக்கும் வர்ணம். ஏறக்குறைய இருநூறு வருஷங்களுக்கு முன்பு பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் போர் பழகுவதற்கு இப்படி மேஜையில் ஆடினார்களாம், பிற்பாடுதான் இது பொழுதுபோக்கானதாம். இதில் அப்படி என்னடா இருக்கிறது என்று கேட்டேன். “போன வாரம் தோத்த சண்டையை இந்த வாரம் மறுபடி ஆடலாம்மா. அதான் இதுல கிக்கே,” என்றான். கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன்.

நோட்டின்படி முதல் நாள், பாலத்தின் வழியாகப் போன என் படையில் ஆறு பேர் விழுந்தார்கள். அடுத்த நாள் ஏழு, அதற்கடுத்த நாள் எட்டு. பிறகு மறுபடி ஏழு. தினமும் காலையில் மாமாவே கூப்பிடுவார். தினமும் அதே மலை, அதே ஆறு, அதே பாலம். “வேற மாதிரி மலை பண்ணலாம் மாமா,” என்றால், “இது முடியட்டும்,” என்பார்.

ஏழாம் நாள் காலை, அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நானே நூலைப் பிடித்துப் பார்த்தேன். பாலத்துக்கு இடது பக்கம் ஆறு ஒரு இடத்தில் வளைந்தது. செட்டியாரிலிருந்து அந்த வளைவுக்கு நூல் பிடித்தால் ஒவ்வொரு முறையும் மலையின் தோளில் தட்டியது. மாமா வந்ததும் கேட்டேன்.

“தண்ணியில எறங்கிப் போகலாமா மாமா?”

“ரொம்ப நேரம் ஆகுமே.”

“ஆனா போகப்படாதுன்னு ரூல் இல்லியே?”

அவர் நூலைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் ஒவ்வொரு அங்குலமாகப் பத்துப் பேரையும் இறக்கினேன். ஒவ்வொருவனுக்கும் மாமா நூல் பிடித்தார். ஒவ்வொரு தடவையும் நூல் மணலில் தட்டியது. பகடைக்கு வேலையே வரவில்லை. பத்தாவது சிப்பாயும் எதிர்க்கரை ஏறியதும் நான் எழுந்து குதித்தேன்.

“மாமா, ஒருத்தர்கூடச் சாகலை! ஒருத்தர்கூட!”

மாமா இன்னொரு முறை நூல் பிடித்தார். பிறகு இன்னொரு முறை.

“இந்த வளைவை யார் போட்டா?”

“நீங்கதான் மாமா. கண்ணை மூடிண்டு போட்டேளே.”

அப்போதுதான் உதைத்தார். மலை சரிந்தது. செட்டியாரின் தலை உருண்டு வந்து என் பாவாடையில் நின்றது. எதிர்க்கரையிலிருந்த பத்துச் சிப்பாய்களுக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. மாமா மொட்டை மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சமையலறையிலிருந்து ஓடிவந்த அம்மா, அவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து, “என்னடி சொன்னே அவன்கிட்ட?” என்றாள். ஜெயித்ததைச் சொன்னேன். அம்மா அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் தாம்பூலத்துக்கு வந்தவர்களிடம் பூனை புகுந்துவிட்டது என்று சொல்லிச் சுண்டல் கொடுத்தாள். எங்கள் தெருவில் பூனையே கிடையாது.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் அம்மா எனக்குச் சொன்னாள். அந்த லீவுக்கு முந்தி, வடக்கே ஏதோ எல்லை மலையில், மாமா பத்துப் பேரை ஒரு பாலத்தின் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று பேரோடு திரும்பினார். பாலத்தை விட்டால் வேறு வழியே இல்லை என்று ராணுவத்தில் விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மாமாவும் அதை ஏறக்குறைய நம்ப ஆரம்பித்திருந்தார்.

விஜயதசமியன்று மாலை ஆரத்தி முடிந்ததும் ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம். அந்த வருஷக் கொலு அதோடு முடிந்தது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத மாமா அன்று கீழே இறங்கி வந்தார்.

“நான் வெக்கட்டுமாக்கா?”

அம்மா தலையசைத்தாள். மாமா ஒரு சிப்பாயை எடுத்து, தொப்பியில் ஒட்டியிருந்த மணலை விரலால் துடைத்து, மல்லாந்த வாக்கில் படுக்க வைத்தார். பிறகு அடுத்தவனை எடுத்தார். அதற்கடுத்தவனையும். ஒவ்வொருவனையும் வைக்கும்போது வாய்க்குள் ஏதோ பெயர் சொன்னார்.

“மாமா, ஒண்ணு போறும்!” என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள்.

அன்றைய பக்கத்தில், அடிக்கோடு போட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘படுக்க வைக்க வேண்டிய பொம்மை 1. மாமா வைத்தது 7. மாமாவுக்கு வழக்கம் தெரியவில்லை.’