சாவு வீட்டுக்கு வந்த நர்ஸ்

பூம்பாறையில் என் அக்கா மார்பகப் புற்றுநோயால் இறந்த அன்று, சுகாதார நிலையத்து நர்ஸ் காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். உயரமான, நரை விழுந்த பெண். யாரைத் தொடுவதற்கு முன்னும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அக்காவின் கட்டியை முதலில் கண்டவர் அவர்தான். கொடைக்கானல் டாக்டரிடமும் மதுரை ஆஸ்பத்திரியிலும் பேசி, எங்களை அலையவிடாமல் எல்லா ஏற்பாடும் செய்தார். ஆனால் அக்கா ஒரு வருஷம் மறைத்த பிறகுதான் காட்டினாள். அதற்குள் எலும்புவரை பரவிவிட்டது.

மாலை போட்டதும் போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ அழுதுகொண்டிருந்த பெண்களை ஒவ்வொருவராக உள்ளறைக்கு அழைத்துச் சோதிக்க ஆரம்பித்தார்.

"அக்காவ வாசல்ல போட்டிருக்கு. இப்பப் போயி இந்தச் சோலி பாக்கணுமா சிஸ்டர்?" என்றேன்.

"நாளைக்குக் கூப்பிட்டா ஒருத்தரும் வரமாட்டாங்கம்மா. இன்னைக்குத்தான் பயந்துபோயிருக்காங்க. நீங்களும் வாங்க," என்றார். குரல் உயரவே இல்லை.

போனேன். எனக்கு ஒன்றுமில்லை. எனக்குப் பின்னால் வந்த மதினிக்குச் சிறிய கட்டி இருந்தது. அக்காவைத் தூக்குவதற்குள் நர்ஸ் மதுரை டாக்டரிடம் பேசி, மதினியைப் பார்க்க நாள் வாங்கிவிட்டார்.

மதினி பிழைத்துக்கொண்டார். இப்போது பூண்டுக் காட்டுக்குப் போய் வருகிறார். அந்த நர்ஸ் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும், அழுகையை அடக்கிக்கொண்டு நான் ரவிக்கை ஊக்கைக் கழற்றிய அந்த நிமிஷத்துக்காக, அவரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.