வீட்டில் செய்த பூட்டு

“உள்ளே பூட்டு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, உதட்டருகே கொண்டுபோன தேநீரை மீண்டும் மேசைமீது வைத்தார் பூட்டுக்காரர். பதில் வரும்வரை அவர் குடிப்பதில்லை. ஆகையால் அவர் சூடான தேநீர் அருந்தியதை அந்த அலுவலகத்தில் எவரும் கண்டதில்லை.

வெளிநாட்டுக்கு விற்கும் மென்பொருளில் மறையாக்கம், அதாவது எழுதியதைப் பிறர் படிக்க இயலாதபடி உருமாற்றும் உத்தி, இருக்கிறதா என ஆராய்ந்து, அது ஏற்றுமதிச் சட்டத்துக்கு உட்பட்டதே எனக் கையொப்பமிடுவது அவர் பணி. மறையாக்கம் என்றதுமே எதிரில் இருப்பவர் கொட்டாவி விடுவதால், பூட்டு என்றே சொல்லிப் பழகினார். அதுவே அவர் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் தம் மிதிவண்டியை அவர் பூட்டியதேயில்லை. அது களவுபோன அன்றும், “பின்சக்கரத்துல காத்தே இல்லை. பாவம், எவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டுப் போனானோ!” என்று திருடனுக்காகவே வருந்தினார்.

அன்று மேசைக்கு வந்தது, குழந்தைகள் படம் வரைந்து விளையாடும் மென்பொருள். வாங்குபவர் வெளிநாட்டு மழலையர் பள்ளிக்காரர். மாலைக்குள் அனுப்பாவிட்டால் வேறிடம் போய்விடுவார். விற்பவனோ பூட்டுக்காரரின் மனைவியுடைய தம்பி. இந்த விற்பனையும் நழுவினால் அவன் வேலையும் நழுவிவிடும்.

“அத்தான், வாத்துக்கு வர்ணம் அடிக்கிற விளையாட்டு இது. வாத்துக்கிட்ட என்ன ராணுவ ரகசியமா இருக்கப்போகுது?”

“நான் வாத்தைக் கேட்கலை மச்சான். செஞ்சவங்களைக் கேட்கிறேன்.”

மைத்துனனுடன் வந்திருந்த, அந்த மென்பொருளின் நிரலை எழுதிய பெண்ணின் முகம் மலர்ந்தது. “இருக்கு சார். ஒரு குழந்தை வரைஞ்சதை இன்னொரு குழந்தை பார்த்துடக் கூடாதுல்ல? எங்கேயும் இரவல் வாங்கலை. முழுக்க நானே யோசிச்சு செஞ்சது!”

பூட்டுக்காரர் கண்களை மூடிக்கொண்டார். வேறெங்கும் பாராட்டுப் பெறக்கூடிய அச்சொல், அவர் துறையில் தலையில் விழும் இடி. ஊரறிந்த பூட்டென்றால் விதிகள் எளிதில் வழிவிடும். எவரும் அறியாத புதுப் பூட்டென்றால், அதிகாரிகள் ஆராய்ந்து ஒப்பும்வரை அது எல்லை தாண்டக் கூடாது.

“கடையில வாங்கின பூட்டுன்னா இன்னைக்கே அனுப்பலாம்மா. நீ வீட்ல செஞ்சிருக்கியே!”

“பூட்டே இல்லைன்னு எழுதிடுங்க அத்தான். யார் திறந்து பார்க்கப்போறாங்க?”

“திறந்து பார்க்க முடியாதுன்னுதானேடா அது பூட்டு!”

மைத்துனன் தன் கைப்பேசியில் ஏதோ தட்டினான். மறுநொடியே பூட்டுக்காரரின் கைப்பேசி அலறியது. மனைவி. “என் தம்பிக்கு ஒரு கையெழுத்து போட்டா உங்க கை தேஞ்சா போயிடும்? அவனுக்கு வேலை போச்சுன்னா நம்ம வீட்லதான் வந்து உட்காருவான், சொல்லிட்டேன்.”

மைத்துனன் தம் வீட்டில் நிரந்தரமாக அமர்ந்திருக்கும் காட்சி கண்முன் தோன்றியதும் பூட்டுக்காரருக்கு வியர்த்தது. பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், பின்னர் மீண்டும் மூடினார்.

“உன்னோடதைக் கழட்டிட்டு ஊர்ப் பூட்டை மாட்ட முடியுமாம்மா?”

“சாயங்காலத்துக்குள்ள முடியும் சார். ஆனா...” அப்பெண்ணின் குரல் தேய்ந்தது. “என்னோடது நல்ல பூட்டு சார்.”

“நல்ல பூட்டாவே இருக்கட்டும்மா. இன்னும் யாரும் உடைச்சுப் பார்க்கலையே, அதுதான் வம்பு.”

மாலையில் புதுப் பதிப்பு வந்தது. பூட்டுக்காரர் தாமே ஒரு வாத்து வரைந்தார். அது வாளியைப் போலிருந்தது. ஒவ்வொன்றாகச் சோதித்துக் கையொப்பமிட்டார். “அத்தான், நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்!” என்று கூவியவாறு மைத்துனன் ஓடினான்.

அப்பெண் மட்டும், நீக்கிய வரிகளைத் திரையில் பார்த்தபடி, பிடுங்கிய பல்லைக் கையில் வைத்திருப்பவள்போல் அமர்ந்திருந்தாள். பூட்டுக்காரர் அருகில் சென்று நின்றார். தொண்டையைச் செருமினார்.

“இது எங்கேயும் ஏற்றுமதி ஆகாதும்மா. உன் பூட்டை இதுல மாட்டிக்கொடு” என்று தம் கைப்பேசியைச் சட்டை நுனியால் துடைத்து அவளிடம் நீட்டினார்.