முகத்துவாரத்துக் காரோட்டம்

நத்தாருக்கு நத்தார், கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், எங்கள் கடற்கரைக்கு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் வந்து மோட்டார்க் கார்ப் போட்டி நடத்திய காலம் அது. மழையில் நனைந்த மணல் இறுகிக் கிடக்கும், கார்ச் சில்லுப் புதையாது என்பார் மாமா. அம்மாவின் தம்பியான அவர்தான் தார்ப்பீப்பாக்களை உருட்டிக்கொண்டு போய், கார்கள் திரும்பவேண்டிய இடங்களில் நிறுத்துகிறவர். அந்த வேலை கிடைத்ததிலிருந்து அவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். ரோட்டு என்றால் ஓரிடத்தில் கிடக்கவேண்டாமா? முதல் வருடம் கடலோரமாக நேரே போய் நேரே திரும்பினார்கள். மறுவருடம் அந்தக் கரையைக் கடல் தின்றுவிட்டது; பாதை தென்னந்தோட்டத்தைச் சுற்றி வளைந்தது. தேங்காய் விழுந்து ஒரு துரையின் கார்க் கண்ணாடி நொறுங்கியதும், மூன்றாம் வருடம் முகத்துவாரத்துக்கு மாற்றினார்கள். அங்கே வாவிக்கும் கடலுக்கும் நடுவே அடைத்துக் கிடக்கிற மணல்மேட்டின் அக்கரை நுனிவரை போய் வரலாம். நான் மூன்று பாதைகளையும் முற்றத்தில் ஈர்க்கிலால் கீறி வைத்துக்கொண்டு, நாலாவது எப்படி இருக்கும் என்று மாமாவைத் துளைத்தெடுப்பேன்.

"இதுதான் கடைசி, புள்ள. இனி மாறாது" என்றார்.

அந்த வருடம் மழை விட்டபாடில்லை. வாவி பெருகி, வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டையில் இருந்த அம்மாவின் சீதன வயல் மூழ்கியது. எங்கள் வருடச் சோறு அந்த வயலில்தான் இருந்தது. முகத்துவாரத்து மேட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு வடியும். மாரிதோறும் அப்படித்தான் செய்வார்கள். இம்முறை மட்டும், துரைமாரின் ஓட்டம் முடியட்டும் என்று மேலிடத்து உத்தரவு.

அம்மா கொதித்துப்போனாள். "பயிர் மூச்சு முட்டிச் சாகுது, நீ அங்க பீப்பா உருட்டுறாய்! வெக்கமில்லையாடா உனக்கு?"

"ரெண்டு நாள்தானே அக்கா..."

"ரெண்டு நாள் தண்ணிக்குள்ள நீ கிடந்து பாரன்!"

மாமா சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனார்.

ஓட்டத்துக்கு முதல்நாள் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து தோணி தோணியாக வயல்காரர்கள் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். அம்மாவும் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். மேட்டின் நடுவில் மாமா தனியாக நின்று, "நாளைக்கு மட்டும் பொறுங்க, என்ட வேலை போயிரும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் தொடவில்லை, திட்டவுமில்லை. அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா ஒரு பீப்பாவைப் புரட்டி ஒதுக்கினார். பக்கத்தில் நின்றவரின் மண்வெட்டியை வாங்கி, முதல் வெட்டை அவரே வெட்டினார்.

ஐயோ, அந்தத் தண்ணீர்! முழ அகல வாய்க்காலாகத் தொடங்கியது, பார்த்துக்கொண்டிருக்கவே இரண்டு பக்கத்தையும் இடித்து விழுத்திக்கொண்டு ஆறாக ஓடிற்று. சிவப்புக் கொடி, பீப்பா, நாளைக்குக் கார் திரும்பவேண்டிய வளைவு எல்லாம் கடலுக்குள் போயின. இனிக் காரும் இல்லை, ஓட்டமும் இல்லை. நான் ஓவென்று அழுதேன்.

நிமிர்ந்து பார்த்தால் அம்மாவும் அழுகிறாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். அடடா, காரோட்டத்தில் அம்மாவுக்கும் இவ்வளவு ஆசையா! எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவள் சேலையைப் பிடித்து, "அழாதீங்கம்மா, மாமா வேற பாதை போட்டுத் தருவார்" என்றேன்.

அம்மா அழுதபடியே சிரித்து, என்னை அள்ளி அணைத்துக்கொண்டாள். அவளைத் தேற்றியது நான்தான் என்ற பெருமையில் அன்று முழுக்கத் தலை நிமிர்ந்து திரிந்தேன்.