டெல்பர்ட் தைத்த கூம்புக் கவுன்

ஜனவரி மாதத்தில் ஏரியோரச் சாலை முழுக்க உறைந்து வழுக்கும்போதும், பள்ளிக்கூடப் பஸ்ஸை விசிலடித்துக்கொண்டே ஓட்டுகிற ஆள் டெல்பர்ட். அப்பேர்ப்பட்டவன் ஒரு தையல் மிஷினைக் கண்டு நடுங்கினான் என்று சொன்னால் எங்கள் பழங்குடி ரிசர்வில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். ஆனால் நடுங்கினான். அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, தூங்குகிற கரடியைச் சுற்றிப் போவதுபோல ஒதுங்கிப் போவான்.

மிஷின் அவன் மனைவி லூசிலுடையது. லூசில் போன கோடையில் இறந்துபோனாள். துக்கம் விழுந்த வீட்டார் ஓராண்டுக்கு மேளத்துக்கு ஆடக்கூடாது என்பது ஓஜிப்வேக்களான எங்கள் வழக்கம். வருகிற ஜூலை பவ்வாவ் ஆட்டத் திருவிழாவோடு அந்த ஆண்டு முடிகிறது. மகள் வாசேயா மறுபடி ஆட்ட வட்டத்துக்குள் இறங்க வேண்டும். ஆனால் லூசில் தைத்துக் கொடுத்த, ஆடும்போது கலகலக்கத் தகரக் கூம்புகள் தொங்கும் கூம்புக் கவுன் அவளுக்கு முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பதினோரு வயதுப் பிள்ளை, ஒரே வருடத்தில் மரம் மாதிரி வளர்ந்திருந்தாள்.

லூசிலின் தங்கை வெர்னாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரிசர்வில் பாதிப் பெண்களுக்கு அவள்தான் தைத்துக் கொடுக்கிறாள். வாசேயாதான் ஒப்புக்கொள்ளவில்லை.

“எல்லாக் கவுனும் அம்மா தைச்சது. இதையும் நம்ம வீட்டு ஆளு தைச்சாத்தான் போடுவேன்.”

“நம்ம வீட்ல யாருடி இருக்கா?”

“நீ இருக்கியேப்பா.”

டெல்பர்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்த மீனை அப்படியே தட்டில் வைத்தான்.

மறுநாள் ஒரு பை புகையிலையோடு வெர்னா வீட்டுக்குப் போனான். எங்கள் பக்கம் புகையிலை நீட்டாமல் கேட்பது கேட்பதே அல்ல. அதைக் கையில் வாங்கிவிட்டால் கேட்டதைச் செய்துகொடுத்தே தீர வேண்டும். அவன் கேட்டது மிஷினை ஓட்டக் காட்டித்தரச் சொல்லி. வெர்னா வாங்கிக்கொண்டாள், வந்தாள், நூல் கோத்துக் காட்டினாள், ஒரு பழைய தலையணை உறையை ஊசிக்கடியில் வைத்தாள்.

“மச்சான், இது உன் பஸ் இல்ல. மெதுவா மிதி.”

மெதுவாகத்தான் மிதித்தான், அவன் கணக்கில். உறை பறந்தது, ஊசி முறிந்தது, பூனை அடுப்புக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது.

“நல்லவேள, உள்ள பிள்ளைங்க யாரும் உக்காந்திருக்கல,” என்றாள் வெர்னா. மச்சானைக் கேலி பண்ணக் கொழுந்தியாளுக்குக் கிடைத்த உரிமையை அவள் ஒருநாளும் வீணாக்கியதில்லை. வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, புது ஊசி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

குளிர்காலம் முழுக்க டெல்பர்ட் தைத்தான். பாத்திரம் துடைக்கும் துணிக்கு ஓரம் அடித்தான். தலையணை உறை தைத்தான். தையல் பாம்பு போன தடம் மாதிரி வளைந்து வளைந்து போகும். பிரிக்க உட்கார்ந்தால், ஒவ்வொரு நூலையும் தன் தோலிலிருந்து உருவுவது மாதிரி முகம் சுளிப்பான். ஒழுங்காக வந்த நாளிலும் நம்பிக்கை வராது. துணியை மகளிடம் கொடுத்து, “சித்திகிட்ட ஒரு தடவ காட்டிடு,” என்பான். வெர்னாவோ ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்புவாள். ஒரே ஒரு தடவை சொல்லி அனுப்பினாள்: “தலையணைக்கு ஒண்ணும் வலிக்கலையாம், சொல்லு.”

பனி உருகும் பருவத்தில் ஒரு காலை, பஸ் லேசாக வழுக்கியபோது அவனுக்குப் பளிச்சென்று ஒன்று தட்டியது. வழுக்குகிற நேரத்தில் அவன் ஒருபோதும் பஸ்ஸின் மூக்கைப் பார்ப்பதில்லை. போய்ச் சேர வேண்டிய இடத்தைத்தான் பார்ப்பான். மிஷினில் மட்டும் ஏன் ஊசியையே முறைத்துக்கொண்டிருக்கிறான்? அன்று சாயங்காலம் ஊசியை விட்டுவிட்டு, அதனடியில் தகட்டில் கீறியிருக்கும் அளவுக் கோட்டை மட்டும் பார்த்துத் தைத்தான். தையல் நேராக வந்தது. இன்னொன்று அடித்தான். அதுவும் நேர். சித்திரமும் கைப்பழக்கம் என்பது சும்மாவா?

பஸ் கொட்டகையில் விஷயம் தெரிந்துபோயிற்று. கேலிக்குப் பஞ்சமில்லை. “என்ன டெல்பர்ட், அடுத்த தடவ ஏப்ரன் கட்டிட்டு வருவியா?” என்று கேட்ட டிரைவர் லெஸ்டரே, மறுவாரம் ஜிப் பிய்ந்த கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். டெல்பர்ட் புது ஜிப் வைத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது, “எதுக்கும் உன் பொண்டாட்டிகிட்ட ஒரு தடவ காட்டிடு,” என்றான். பழக்கம் விடுமா?

கோடை தொடங்கியதும் நீலத் துணியை விரித்தான். பழைய கவுனை அளவுக்கு மேலே வைத்து, எல்லாப் பக்கமும் விட்டு வெட்டினான். பிறகு லூசில் தைத்திருந்த தகரக் கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுக் கவுனில் வரிசையாக வைத்துத் தைத்தான். அவள் கைப்பட்ட கூம்புகள் அல்லவா? ஒன்றோடு ஒன்று இடித்து நசுங்கிவிடக் கூடாதென்று தள்ளித் தள்ளி, ஆடாமல் அசையாமல் இறுக்கித் தைத்தான். வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. பார்க்கப் பார்க்க அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

விழாவுக்கு முந்தைய வாரம் வாசேயா அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நான்கு அடி ஆடினாள். நின்றாள். குனிந்து பார்த்தாள்.

“அப்பா, இது பேசவே மாட்டேங்குதே.”

டெல்பர்ட் கவுனைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தான். வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் எங்கே கடகடத்தாலும் தேடிப்பிடித்து இறுக்கியவன், கவுனையும் அதேபோல் இறுக்கிவைத்திருக்கிறான். கூம்புகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலக்கிற அந்தச் சத்தம்தான் எங்களுக்கு மருந்து. நோய்ப்பட்டவர்களுக்காகவும், துக்கப்பட்டவர்களுக்காகவும் ஆடுகிற ஆட்டம் அது. ஊமைக் கவுனைப் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை எப்படித் துக்கத்திலிருந்து வெளியே வரும்?

கவுனை ஒரு கையிலும் புகையிலையை மறுகையிலும் எடுத்துக்கொண்டு வெர்னாவிடம் ஓடினான். அவள் புகையிலையைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“வாங்க மாட்டேன், மச்சான்.”

“ஏய், விளையாடாத வெர்னா. நாளு இல்ல.”

“வாங்கினா நான் தைச்சாகணும். என் அக்கா பொண்ணு என் தையலயா கேட்டா?” கவுனைக் கண்ணாலேயே மேலும் கீழும் அளந்தாள். “தையல்ல ஒரு கோணல் இல்ல. சத்தத்தத்தான் பூட்டி வச்சிருக்க. பூட்டினவனுக்குத் திறக்கத் தெரியாதா?”

அவன் வாசலிலேயே நின்று பார்த்தான். அவள் கைகள் முன்னால் வரவே இல்லை. அவளைப்போல இரக்கமில்லாத நல்லவளை நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்தான். இந்த முறை முகம் சுளிக்கவில்லை. தைத்த கைக்குப் பிரிக்கவும் தெரியும், பிரித்ததைத் திரும்பத் தைக்கவும் தெரியும் என்பது அவனுக்கு எப்போதோ பிடிபட்டிருந்தது, இப்போதுதான் அதைக் கவனித்தான். கூம்புகளைக் குட்டி ரிப்பனில் கோத்து, தளர்த்தித் தொங்கவிட்டு, நெருக்கி நெருக்கித் தைத்தான். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் காதருகே தூக்கிக் குலுக்குவான். சத்தம் வந்தால்தான் அடுத்த வரிசை.

பவ்வாவ் அன்று வாசேயா வட்டத்துக்குள் இறங்கினாள். மழை தகரக் கூரையில் விழுந்த மாதிரி கவுன் பேசியது. லெஸ்டர் தொப்பியைக் கழற்றினான். டெல்பர்ட் மூக்கைச் சிந்தினான், இரண்டு தடவை.

முதல் ஆட்டம் முடிந்ததும் பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்தாள். உள்ளங்கையில் ஒரு கூம்பு. ரிப்பன் அறுந்திருந்தது. அடுத்த மேளம் ஆரம்பிக்கப்போகிறது. தையல் பெட்டியோடு உட்கார்ந்திருந்த வெர்னாவிடம்தான் பழக்கதோஷத்தில் நீட்டினாள். வெர்னா, பொரித்த ரொட்டியின் எண்ணெய் வழியும் விரல்களை உயர்த்திக் காட்டிவிட்டு ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

டெல்பர்ட் தொப்பி மடிப்பில் குத்திவைத்திருந்த ஊசியை எடுத்தான். நூல் ஏற்கெனவே கோத்திருந்தது. அத்தனை ஜனத்துக்கு முன்னால் புல்லில் மண்டியிட்டுத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

“சித்திகிட்ட ஒரு தடவ காட்டிடட்டுமா?” என்று கேட்டாள் மகள்.

“வேணாம்,” என்றான் டெல்பர்ட். “நான் தைச்சது. நிக்கும். நீ போய் ஆடு.”