என் வயிற்றிலிருந்து வந்த கோழித்தோல்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, புரட்டாசி மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, என் வயிற்றிலிருந்து ஒரு துண்டுக் கோழித்தோல் எடுக்கப்பட்டது. நான் கோழி சாப்பிட்டிருக்கவில்லை.

அப்போது கூலிம் என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வாரத்தில் சாயங்காலம் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும். அம்மா பையை எடுத்துக்கொண்டு ஓடுவார். எனக்கு வயிறு முறுக்கிக்கொண்டு வலிக்கும், சில நாள் வாந்தியும் வரும். பகல் வாரத்தில் கல்லைத் தின்றாலும் செரிக்கும். இந்த வித்தியாசம் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.

கிளினிக் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வெள்ளை மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். புள்ள சுருண்டு கிடக்கிறது, ஒன்றுமில்லை என்கிறாரே என்று அம்மாவுக்குக் கோபம். என் வயிறு சரியாக வேண்டும் என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, அந்தப் புரட்டாசி முழுவதும் வீட்டில் மூவருக்கும் சைவம் என்று அறிவித்துவிட்டார். அது போதாதென்று, கோலா கெத்தில் பக்கம் ஒரு தோட்டத்தில் தொக்கம் எடுக்கும் அத்தை ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அப்பாவையும் என்னையும் அங்கே கிளப்பிக்கொண்டு போனார். தின்றது செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொண்டால் அதற்குத் தொக்கம் என்று பெயர். அதை வெளியே எடுத்துவிட்டால் வலி போய்விடும் என்பது நம்பிக்கை.

அந்த அத்தை என்னைப் பாயில் படுக்கவைத்து, வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, கீழிருந்து மேலாக நீவினார். பிறகு என் தொண்டைக்குழியில் ஒரு சின்னக் குழாயை வைத்து உறிஞ்சினார். கன்னம் உப்ப எழுந்து வெற்றிலையில் துப்பினார். பழுப்பாக ஏதோ ஒன்று கிடந்தது.

“கோழித் தோலு. எத்தன நாளா ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சோ, பாவம்” என்றார்.

வேறு மாதமாக இருந்தால் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் இது பொருந்தியிருக்கும். மாதத்தை மறந்துவிட்டார், அவ்வளவுதான். புரட்டாசியில் அவருக்குக் கோழி எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா என்னைத்தான் கேட்டார்.

“எங்கடி சாப்பிட்ட? ஸ்கூல் கண்டீன்லயா?”

“நான் சாப்பிடலம்மா.”

“பொய் சொல்லாத. ஒனக்காகத்தான வேண்டிக்கிட்டேன்? சாமிய ஏமாத்துறியா நீ?”

அம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன. எனக்கு அடியைவிட அதுதான் பயம். வேண்டுதல் கெட்டுப்போனது, கெடுத்தது நான். இனி வலி போகவே போகாது.

அப்போது அப்பா சொன்னார்: “அவள ஏன் திட்டுற? நாந்தான் வாங்கிக் குடுத்தேன். மாமாக் கடையில. சின்னப் புள்ள, ஆசப்பட்டுச்சுலா.”

மாமாக் கடை என்றால் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. அப்பா அந்த மாதம் என்னை எந்த மாமாக் கடைக்கும் கூட்டிப்போகவில்லை.

அம்மா திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் சூப்பர்வைசரிடம் நின்று மன்றாடி, பகல் ஷிப்டுக்கே மாற்றிக்கொண்டார். அப்பாவை நம்பிப் பிள்ளையை விட முடியாது என்பது காரணம். அதன்பிறகு சாயங்காலங்களில் ஹாரன் கேட்கும், அம்மா வீட்டிலேயே இருப்பார். என் வலி இரண்டு வாரத்தில் போன இடம் தெரியவில்லை. தொக்கம் எடுத்த அத்தைக்குப் பழத்தட்டும் சேலையும் போயின. அப்பாவுக்குக் கெட்ட பெயர் மட்டும் நிலைத்தது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, “இவரு புரட்டாசியிலயே புள்ளைக்குக் கோழி ஊட்டுனவரு” என்று அம்மா சொல்லிச் சிரிக்கவைப்பார். அப்பாவும் கூடச் சிரிப்பார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா மறுபடி இரவு பஸ் ஏறிவிடுவாரோ என்று பயம். பிறகு பயம் போய், அது ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. நான் சாப்பிடவில்லை என்பது உலகத்தில் அப்பா ஒருவருக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது நான் மருத்துவமனையில், வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிரிவில் தாதி. குடல் முழுக்க நரம்பு ஓடுகிறது, மூளைக்கும் அதற்கும் ஓயாத பேச்சுவார்த்தை, மூளை பயந்தால் வயிறுதான் முதலில் முறுக்கிக்கொள்ளும் என்று பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மார்களுக்கு விளக்குகிறேன். போன வருடம் அப்பாவே நெஞ்செரிச்சல் என்று அங்கே வந்தார். வெறும் வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா கவுண்டரில் நின்றார். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்ததைப் பேச இதுதான் சமயம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அப்பா, ராத்திரி சாப்பிட்டது காலையில வயித்துல இருக்காது. கோழித்தோல் நாள்கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்குமா? அந்தத் துண்டு தொக்கம் எடுத்த அத்த வாயிலயே இருந்திருக்கும்ப்பா.”

அப்பா என் கையைத் தட்டிக்கொடுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“விடும்மா. இன்னுமா அத நெனச்சிக்கிட்டு இருக்க? எட்டு வயசுப் புள்ள, எங்கயோ ஆசைல தின்னுட்ட. ஒங்கம்மாகிட்ட நான் சொல்லவே மாட்டேன்.”

நான் பதில் சொல்வதற்குள் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் எழுந்து உள்ளே போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்னை நம்பியதால்தான் அப்பா பொய் சொன்னார் என்று அந்த எட்டு வயதில் நினைத்தேன். அவர் நம்பவேயில்லை. நான் தின்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேதான் அந்தப் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார்.